கடற்கரை முதல் அருவிக்கரை வரை: மாத்தளைப் பாதையின் கதை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இலங்கைத் தீவின் நடுப்பகுதியில், நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்டு அமைந்தது அது. கடலின் வற்றும் பெருக்கும் அங்கில்லை, வெளிச்சவீடு அங்கில்லை, கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும் அங்கு கேட்பதில்லை. ஆயினும், அம்மாவட்டத்துத் தோட்டப்புறங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு ஒரு கடற்கரையிலேதான் தொடங்குகிறது. அந்தக் கடற்கரையையும் மாத்தளை மலைகளையும் இணைத்த பாதையின் கதையே இங்கு கூறப்படுவது.

பாடசாலை விடுமுறைக் காலத்தில் மாத்தளையிலிருந்து குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் உலாப் போவது இன்று வழக்கமாகிவிட்டது. சிலர் வடமேற்கே மன்னாருக்குச் செல்வர். மன்னார்க் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. நீர் வற்றும் வேளையில் கரையோரப் பள்ளங்களில் சிறு குட்டைகள் தங்கும். அவற்றில் நண்டும் சங்கும் கடலட்டையும் கண்டு பிள்ளைகள் ஆரவாரிப்பர். தலைமன்னாரில் வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்ப்பர். அரிப்பில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டைக் காண்பர். அல்லிராணிக் கோட்டை என்று ஊரார் வழங்கும் அம்மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக அரித்து வருகிறது.

வேறு சிலர் கடலை நாடாமல் மலையை நாடுவர். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறும் பாதையிலே பம்பரகிரி எல்ல என்னும் அருவி விழுகிறது. அப்பால் லக்கலைப் பகுதியில் சேர எல்ல என்னும் அருவி உண்டு. விழும் நீருக்குப் பின்னாலுள்ள குகைக்குள் சென்று, நீர்த்திரையினூடாக உலகைப் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. இம்மலைகள் நக்கிள்ஸ் தொடரைச் சேர்ந்தவை. மத்திய மலைநாட்டின் பிற காடுகளோடு சேர்த்து இத்தொடரை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகளுக்கு இவை இரண்டும் இருவேறு உலாக்கள். ஆனால் நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையும் அருவிக்கரையும் ஒரே பயணத்தின் இரு முனைகளாயிருந்தன. அப்பயணத்தை மேற்கொண்டோர் காட்சி காணப் போனவரல்லர்; கஞ்சிக்கு வழி தேடிப் போனவர்.

கோப்பிதான் அவர்களை அழைத்தது. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1840களிலே கண்டி, மாத்தளை மலைகளெங்கும் பரவியது. துரைமார் காட்டை வெட்டி எரித்து மலைச்சரிவுகளைத் தோட்டமாக்கினர். அவ்வேலைக்கு ஆள் வேண்டும். கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவருக்குத் தம் வயலும் சேனையும் இருந்தன; தோட்டத்து லயத்தில் தங்கிக் கூலிக்கு உழைக்க அவர்களிற் பெரும்பாலோர் விரும்பவில்லை. கடலுக்கு அப்பாலோ, இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளிலே மழை பொய்த்தால் அடுப்பெரியாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சொந்த நிலமில்லாத அவர்களுக்குச் சாதியின் பாரமும் கடனின் பாரமும் தோளிலே இருந்தன. இவ்விரு தேவைகளுக்கும் இடையில் நின்றவன் கங்காணி. அவன் முன்பணம் கொடுத்தான், ஆட்களைச் சேர்த்தான், வழி காட்டினான். கொடுத்த பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. ஊரைவிட்டுப் புறப்படும் முன்னரே அவன் கடனாளி.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலே தோணி ஏறி, பாக்குநீரிணையையும் மன்னார்க் குடாவையும் கடந்து வந்தனர். அப்பகுதிக் கடற்கரை ஆழங்குறைந்தது. பெருந்தோணிகள் கரையை அணுக இயலாவிடத்து, இறங்கியோர் தலையிலே மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாகத் தண்ணீரை மிதித்துக் கரையேற வேண்டியிருந்தது. இன்று பிள்ளைகள் நண்டு தேடும் அதே ஆழமற்ற நீர்தான் அவர்களுடைய காலை முதலில் நனைத்த இலங்கை நீர். தலைமன்னாரில் இன்று நிற்கும் வெளிச்சவீடு அப்போது இல்லை. அது 20ஆம் நூற்றாண்டிலே எழுந்தது.

கரையேறிய பின்னர்தான் உண்மையான பயணம் தொடங்கியது. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல். வடபாதை என்று அதனை அரசாங்க ஏடுகள் குறிப்பிட்டன. பாதை என்பது பெயரளவிலேதான். அதன் பெரும்பகுதி வறண்ட காடு. பண்டைய மன்னர் கட்டிய குளங்கள் பல உடைந்து, ஊர்கள் அழிந்து, காடு மூடிக் கிடந்த காலம் அது. யானையும் கரடியும் உலாவின. குடிக்கக் கிடைத்த குட்டைநீரே பல வேளைகளில் நோயின் ஊற்றாயிற்று. வாந்திபேதியும் அம்மையும் மலைக்காய்ச்சலும் கூட்டங்கூட்டமாக மனிதரைக் கொண்டன. நடக்க இயலாதவரை வழியிலே விட்டுச் சென்றனர். அவ்வாறு விடப்பட்டவருட் பலருக்கு அந்த இடமே இறுதியிடமாயிற்று.

எத்தனை பேர் மடிந்தனர் என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் வாதம் உண்டு. 1840களின் இறுதியில், வந்தவருள் நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர் எனக் கொழும்புப் பத்திரிகை உலகிலே மதிப்பிடப்பட்டது. அது மிகை என்போரும் உளர். புதைகுழிக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை என்கையில் எந்தக் கணக்கும் மதிப்பீடாகவே நிற்கும். ஒன்று மட்டும் உறுதி: தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும் பின்னர் இதனைக் கவனியாதிருக்க இயலவில்லை. 1858ஆம் ஆண்டில், குடிவரும் தொழிலாளர் பொருட்டு ஒரு சட்டமும் ஆணைக்குழுவும் தோன்றின. காலப்போக்கில் பாதையோரத்திலே தங்குமடங்களும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் அமைக்கப்பட்டன. இரக்கமும் அதற்குக் காரணமாயிருக்கலாம். கோப்பி பறிக்க ஆள் குறைந்துவிடுமே என்ற கவலையும் காரணமாயிருந்தது.

தொடக்கக் காலத்து நடையாளருள் ஆடவரே மிகப் பலர். 1844ஆம் ஆண்டில் மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவருட் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டாயிரம் பேரே. கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் பலர் தம் ஊரை நோக்கி மீண்டும் அதே பாதையில் நடந்தனர். 1869இல் கோப்பி இலையிலே ஒருவகைத் துருநோய் கண்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. மாத்தளைப் பகுதியிலே கொக்கோவும் இறப்பரும் ஏலமும் கூட வளர்ந்தன. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்ப்பது. அதைப் பறிக்கும் கையும் ஆண்டு முழுதும் வேண்டும். பெண்களின் விரல் கொழுந்து பறிப்பதற்கு ஏற்றது என்று துரைமார் கண்டனர். அதன் பின்னரே குடும்பம் குடும்பமாக வருவதும், வந்தவர் மலையிலேயே தங்கிவிடுவதும் பெருகின. ஒரு சமூகம் வேரூன்றியது.

இப்பாதை வெறுங்காட்டுப் பாதை மட்டுமன்று; பழமையின் நடுவே சென்றது. தம்புள்ளையில் குகைக்கோயில்கள் உள்ளன. நாலந்தையிலே, பல்லவர் கலையை நினைவூட்டும் நாலந்தா கெடிகே என்னும் கற்றளி உளது. இந்து, பௌத்த மரபுகள் இரண்டும் அதிலே கலந்துள்ளன. போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, நீரில் மூழ்காதிருக்கும்பொருட்டு அது கல்கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. மாத்தளையை அணுகும்போது அலுவிகாரை வரும். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டிலே, வாய்மொழியாக வழங்கி வந்த திரிபிடகம் அங்குதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. மனிதரின் நினைவு எழுத்தாக மாறிய அவ்விடத்தைக் கடந்துதான், எழுத்தில் ஏறாத நினைவுகளைச் சுமந்த அத்தொழிலாளர் நடந்தனர்.

1848ஆம் ஆண்டில் மாத்தளை வேறொரு காரணத்தாலும் வரலாற்றில் இடம்பெற்றது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு காலத்தில், ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. வேறு பல வரிகளும் வந்தன. சிங்களக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசராக முடிசூட்டப்பட்டார். மாத்தளை நகரம் கிளர்ச்சியாளர் கைக்கு வந்து, விரைவிலேயே படையால் மீட்கப்பட்டது. புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கோப்பியை ஏற்றிச் செல்ல வீதி வேண்டும். வீதிக்குச் சிங்களக் குடியானவன் உழைக்க வேண்டும். கோப்பிக்குத் தமிழ்க் கூலி உழைக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நுகத்தின் இரு புறங்களிலும் நின்றனர். இந்த உண்மை இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே கற்பிக்கப்படுதல் நன்று.

மாத்தளையை அடைந்தோருக்கு அது முடிவன்று, பிரியுமிடம். அங்கிருந்து கூட்டங்கள் பல திசைகளிலும் தோட்டங்களுக்கு ஏறின. தென்னாட்டு வெயிலிற் பழகிய உடல் முதன்முறை மலைக்குளிரை உணர்ந்தது. கம்பளி கிடைத்தது, அதன் விலையும் கணக்கில் ஏறியது. வழியிலே அருவிகள் இரைந்தன. வறண்ட காட்டிலே ஒரு மிடறு தண்ணீருக்கு ஏங்கி வந்தவர், பாறையிலிருந்து கொட்டி வீணே ஓடும் நீரைக் கண்டு என்ன நினைத்திருப்பர்? அதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் எங்கே நன்றி கூறினர் என்பதை நகரத்தின் நடுவே நிற்கும் கோயில் காட்டுகிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1874ஆம் ஆண்டிலே கட்டப்பட்டது. அம்மை, வெப்பு முதலிய நோய்களிலிருந்து காப்பவள் மாரி என்பது தமிழர் நம்பிக்கை. நோய் நிறைந்த பாதையைக் கடந்து பிழைத்தவர் அவளுக்குக் கோயில் எடுத்ததில் வியப்பில்லை. மாசி மகத்திலே பஞ்சரதங்கள் வீதிவலம் வரும் காட்சி இன்றும் நாட்டின் பல பாகத்தவரையும் ஈர்க்கிறது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திலே சேதமுற்ற அக்கோயில் மீண்டும் எழுந்தது.

1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரும் வழி மேலோங்க, வடபாதையில் நடை ஓய்ந்தது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஏற்பட்டன. தாத்தா பல நாள் நடந்த தொலைவைப் பேரன் ஓரிரவிற் கடந்தான்.

ஆயினும் அக்கடல் மற்றொரு துயரத்தையும் கண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. அதன்படி புறப்பட்ட குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கித் தலைமன்னாரிலே கப்பலேறின. மூதாதையர் வந்த வழியிலே சந்ததியார் திரும்பினர். திரும்பியவருட் பலர் அதுவரை இந்தியாவைக் கண்டதே இல்லை. எஞ்சியோருக்கு முழுமையான குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலே புறப்பட்டு, பழைய பாதையைத் தழுவி, ஆகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. முன்னோர் அச்சத்தோடும் தாகத்தோடும் நடந்த வழியை, அவர்தம் வழித்தோன்றல்கள் தலைநிமிர்ந்து நடந்தனர். வழிநெடுக ஊரார் தண்ணீர் கொடுத்தனர். வேறெந்த நினைவுச்சின்னத்தையும்விட அந்தத் தண்ணீரே பொருத்தமான அஞ்சலி எனலாம்.

ஆகவே, குடும்பத்தோடு ஒரு நாள் உலாப் போகும் பெற்றோர் ஒன்று செய்யலாம். மன்னார்க் கரையிலே பிள்ளைகள் நண்டு பிடிக்கட்டும். பம்பரகிரியின் குளிர்நீரில் நனையட்டும். அந்த மகிழ்ச்சிக்கு எவ்விதக் குறையும் வேண்டாம். திரும்பி வரும் வழியில், வண்டி தம்புள்ளையைக் கடந்து நாலந்தையை அணுகும்போது, சற்றே நிறுத்தி இறங்கிக் கால்மைல் தூரம் நடத்திக் கூட்டி வரலாம். “எவ்வளவு தூரம் இப்படி நடப்பது?” என்று பிள்ளை கேட்கும். அப்போது சொல்லத் தொடங்கினால் வரலாறு அந்தப் பிள்ளையின் காலிலேயே பதிந்துவிடும்.