பெருந்தமனி உட்பிளவு

பெருந்தமனி உட்பிளவு (அயோர்டிக் டிசெக்சன்) என்பது, இதயத்தில் இருந்து உடல் முழுவதற்கும் குருதியைக் கொண்டு செல்லும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, அக்கிழிசல் வழியே குருதி சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்துச் செல்லும் நோய்நிலை ஆகும். பெருந்தமனி, மகாதமனி, பெருநாடி ஆகிய மூன்று பெயர்களும் ஒரே குழாயையே குறிக்கின்றன. இந்நோய் அரிதானது, ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கு ஏற்படுகிறது. ஆயினும் இது மாரடைப்பைப் போலவே தோற்றம் அளிப்பதாலும், மாரடைப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இதில் உயிருக்கே கேடாக முடியக்கூடும் என்பதாலும், அவசர மருத்துவத்தில் இதற்குத் தனி இடம் உண்டு.

நோய் உருவாகும் விதம்

பெருந்தமனியின் சுவர் உள்ளுறை, நடுவுறை, வெளியுறை என மூன்று அடுக்குகளால் ஆனது. இவற்றுள் நடுவுறையே தடிமனானது. மீள்தன்மையுள்ள நார்த்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இது உருவாகியுள்ளது. ஒவ்வொரு இதயத் துடிப்பின் போதும் விரிந்து சுருங்குவதற்கு இவ்வமைப்பு உதவுகிறது. இதுவே அதன் வலுவின்மையும் ஆகும். உள்ளுறையில் கிழிசல் ஏற்பட்டு, அழுத்தத்துடன் குருதி உள்ளே நுழைந்துவிட்டால், வாழைத்தண்டின் பட்டைகள் உரிவது போல அடுக்குகள் நீளவாக்கில் எளிதாகப் பிரிகின்றன.

இதன் விளைவாக ஒரே தமனிக்குள் இரண்டு பாதைகள் உருவாகின்றன. இயல்பான பாதை மெய்க்குழல் எனவும், சுவருக்குள் புதிதாக உண்டானது பொய்க்குழல் எனவும் கூறப்படும். இரண்டையும் பிரிக்கும் மெல்லிய மடல் குருதியோட்டத்தில் அசைந்தாடிக்கொண்டிருக்கும். பொய்க்குழல் விரிந்து மெய்க்குழலை நெரிக்கலாம். பெருந்தமனியில் இருந்து பிரியும் கிளைகளின் வாயை அடைக்கலாம். வெளியுறையையும் கிழித்துக்கொண்டு இதய உறைக்குள்ளோ மார்புக்குழிக்குள்ளோ வெடிக்கலாம். கிழிசல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தோன்றுகிறது: பெருந்தமனி வால்வுக்கு மேலே சில செ.மீ. தொலைவிற்குள், அல்லது இடது கைக்குச் செல்லும் தமனி பிரியும் இடத்தைச் சற்றே தாண்டி.

யாருக்கு ஏற்படுகிறது

உயர் இரத்த அழுத்தமே முதன்மைக் காரணம். 12 மருத்துவ மையங்களில் 464 நோயாளிகளிடம் தொகுக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின் (ஐராட்) முதல் அறிக்கையில், ஏறத்தாழ 72% பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. சராசரி வயது 63. மூவரில் இருவர் ஆண்கள்.

இளவயதினருக்கு வரும்போது காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோய்களான மார்பன் கூட்டறிகுறி, லோயிஸ்-டீட்சு கூட்டறிகுறி, குருதிக்குழாய் வகை ஏலர்சு-டான்லோசு கூட்டறிகுறி ஆகியன நடுவுறையைப் பிறவியிலேயே வலுவிழக்கச் செய்கின்றன. உயரமான உடல், நீண்ட கைவிரல்கள் ஆகியவை மார்பன் கூட்டறிகுறி உள்ளோரின் அடையாளங்கள். அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை புளோ ஐமன் 1986 சனவரி 24 அன்று சப்பானில் ஆட்டத்தின் இடையே சரிந்து இறந்தார். மாரடைப்பு என்றே முதலில் கருதப்பட்டது. பெருந்தமனி கிழிந்ததும் அவருக்கு மார்பன் கூட்டறிகுறி இருந்ததும் பிணக்கூறாய்வில்தான் தெரியவந்தன.

மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டு இதழ்களே கொண்ட பெருந்தமனி வால்வு, முன்னரே உள்ள தமனி வீக்கம், டர்னர் கூட்டறிகுறி, கருவுற்ற காலத்தின் கடைசி மாதங்கள், கோக்கைன் பயன்பாடு, மூச்சை அடக்கிக் கடும் பளு தூக்குதல் ஆகியனவும் இடர்க்காரணிகள். சிப்ரோபுளோக்சசின் முதலிய புளோரோகுயினோலோன் வகை நுண்ணுயிர் எதிரிகளை, தமனி வீக்கம் உள்ளோருக்கு வேறு வழி இருந்தால் கொடுக்க வேண்டாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 திசம்பரில் எச்சரித்தது.

வகைகள்

1965இல் டிபேக்கி முன்வைத்த வகைப்பாடு மூன்று பிரிவுகளைக் கொண்டது. 1970இல் வெளியான சிடான்போர்டு வகைப்பாடு அதைவிட எளிது. ஏறு பெருந்தமனி பாதிக்கப்பட்டிருந்தால் அது 'ஏ' வகை. ஏறு பெருந்தமனி பாதிக்கப்படாதிருந்தால் 'பி' வகை. கிழிசல் எங்கே தொடங்கியது என்பது இங்கே பொருட்டன்று. 'ஏ' வகைக்கு உடனடி அறுவை, 'பி' வகைக்குப் பெரும்பாலும் மருந்து என்று சிகிச்சை முடிவு நேரடியாகக் கிடைப்பதால் இவ்வகைப்பாடே மிகுதியாகப் பயன்படுகிறது.

அறிகுறிகள்

திடீரென்று தொடங்கும் கடுமையான வலியே முதன்மை அறிகுறி. இங்கு 'திடீரென்று' என்ற சொல்லே முக்கியமானது. மாரடைப்பின் வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் மெல்ல மெல்லக் கூடும். உட்பிளவின் வலியோ தொடங்கும் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். என்ன செய்துகொண்டிருந்தபோது வலி வந்தது என்பதைக்கூட நோயாளி சொல்லிவிடுவார். பதிவேட்டின்படி ஏறத்தாழ 85% பேருக்கு வலி இவ்வாறு சட்டெனத் தொடங்கியது. 'ஏ' வகையில் வலி முன்மார்பிலும், 'பி' வகையில் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் மிகுதியாக இருக்கும். பிளவு கீழ்நோக்கிப் பரவும்போது வலியும் கழுத்து, முதுகு, வயிறு என இடம் மாறலாம். கிழிப்பது போன்ற வலி என்பது பாடநூல் வருணனை. குத்துவது போல் இருந்தது என்று சொல்வோரும் மிகப் பலர்.

மற்ற அறிகுறிகள், எந்தக் கிளைத் தமனி அடைபட்டது என்பதைப் பொறுத்தவை. மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பக்கவாதம். தண்டுவடத்திற்குச் செல்வது அடைபட்டால் கால்கள் செயலிழப்பு. குடலுக்கோ சிறுநீரகத்திற்கோ உரியது அடைபட்டால் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல். ஒரு கையில் நாடி குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம். இரு கைகளின் இரத்த அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்திற்கு மேல் வேறுபட்டால் ஐயம் வலுக்கிறது. பெருந்தமனி வால்வு ஒழுகினால் இதயத்தில் புதிய முணுமுணுப்பு ஒலி கேட்கும். சிலர் வலியே இன்றி, மயக்கமுற்ற நிலையில் கொண்டுவரப்படுவதும் உண்டு.

நோயைத் தவறாகக் கணித்தல்

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு வருவோரில் மாரடைப்பு உள்ளவர்களே மிகப் பலர். உட்பிளவு உள்ளவர் மிகச் சிலர். எனவே மருத்துவரின் எண்ணம் முதலில் மாரடைப்பின் பக்கம் செல்வது இயல்பே. மேலும், பிளவு இதயத் தமனியின் வாய் வரை சென்றால் (பெரும்பாலும் வலது இதயத் தமனி) உண்மையான மாரடைப்பே ஏற்பட்டு, இ.சி.ஜி.யிலும் டிரோப்போனின் சோதனையிலும் மாற்றங்கள் தெரியும். அந்நிலையில் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தோ உறைவெதிர்ப்பு மருந்தோ கொடுத்தால், சுவருக்குள் நிகழும் குருதிப்பெருக்கு கட்டுக்கடங்காமல் போகக்கூடும்.

'ரென்ட்' என்னும் இசை நாடகத்தை எழுதிய அமெரிக்கர் சோனத்தன் லார்சன், நெஞ்சுவலியுடன் சில நாட்களுக்குள் இரண்டு மருத்துவமனைகளுக்குச் சென்றார். ஓரிடத்தில் உணவு நச்சு எனவும் மற்றோரிடத்தில் தீநுண்மத் தொற்று எனவும் கூறித் திருப்பி அனுப்பப்பட்டார். அந்நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த 1996 சனவரி 25 அன்று அதிகாலையில், தம் 35ஆம் வயதில், வீட்டில் இறந்தார். அவருடைய பெருந்தமனி பிளந்திருந்தது.

நோயறிதல்

ஐயம் எழுந்தால்தான் உரிய சோதனை செய்யப்படும்; நோயறிதலில் கடினமான படி இதுவே. மார்பு எக்சு-கதிர்ப் படத்தில் நடுமார்பு அகன்று காணப்படலாம். ஆனால் பதிவேட்டில் எட்டில் ஒருவருக்கு அப்படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை, இ.சி.ஜி. மூன்றில் ஒரு பங்கினருக்கு இயல்பாகவே இருந்தது. ஆகவே இவ்விரண்டும் சரியாக இருப்பதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

உறுதிப்படுத்தும் சோதனைகளுள் முதன்மையானது, சாயமருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஆஞ்சியோகிராம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மடல், இரு குழல்கள், கிளைகளின் நிலை ஆகிய அனைத்தையும் காட்டும். நோயாளியை இடம் மாற்ற இயலாத நிலையில், உணவுக்குழாய் வழியே கருவியைச் செலுத்திச் செய்யப்படும் எக்கோ சோதனை படுக்கையருகிலேயே விடை தரும். எம்.ஆர்.ஐ. துல்லியமானது, ஆனால் நேரம் பிடிக்கும். பின்தொடர் கண்காணிப்பிற்கே அது பொருத்தம்.

எல்லா நெஞ்சுவலிக்கும் சி.டி. எடுக்க இயலாது என்பதால், இடர்நிலை மதிப்பெண் முறை ஒன்று பயன்படுகிறது. இடர்க்காரணி உள்ளதா, வலியின் தன்மை ஒத்துள்ளதா, உடற்பரிசோதனையில் அடையாளம் உள்ளதா என்ற மூன்றுக்கும் தலா ஒரு மதிப்பெண். மொத்தம் 0 அல்லது 1 ஆக இருந்து, குருதியில் டி-டைமர் அளவு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் குறைவாகவும் இருந்தால், உட்பிளவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1850 நோயாளிகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது.

சிகிச்சை

எவ்வகையாயினும் முதலில் செய்ய வேண்டியது வலியைத் தணிப்பதும், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைப்பதும் ஆகும். துடிப்பு நிமிடத்திற்கு 60க்குக் கீழும், சுருங்கழுத்தம் 100 முதல் 120 மி.மீ. பாதரசம் வரையிலும் இருக்க வேண்டும். மருந்துகளின் வரிசை இதில் முக்கியம். எசுமோலால், லேபெட்டலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் சிரை வழியே முதலில் கொடுக்கப்படுகின்றன. அதன் பின்னரே, தேவைப்பட்டால், குழாயை விரிக்கும் மருந்து. இதற்குக் காரணம் எளிய நீரியல் விதியே. பிளவை முன்னோக்கித் தள்ளுவது அழுத்தத்தின் அளவு மட்டும் அன்று. ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் ஆகும். குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் அழுத்தம் குறையும், ஆனால் அதை ஈடுகட்ட இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கத் தொடங்கும். எனவே தீங்கு குறைவதற்கு மாறாகக் கூடும்.

'ஏ' வகைக்கு அவசர அறுவை சிகிச்சை தேவை. சிகிச்சை பெறாதோரில் முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு 1 முதல் 2% பேர் இறப்பர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு. 2022இல் வெளியான பதிவேட்டு ஆய்வின்படி, அறுவை செய்யப்படாதோரில் இது மணிக்கு ஏறத்தாழ 0.5% ஆகும். இதுவும் சிறிய எண் அன்று. இரண்டே நாட்களில் நால்வரில் ஒருவரை இழப்பதற்குச் சமம். அறுவையில் மார்பெலும்பு பிளக்கப்பட்டு, இதய-நுரையீரல் இயந்திரம் பொருத்தப்படுகிறது. உடல் குளிர்விக்கப்பட்டுக் குருதியோட்டம் சிறிது நேரம் நிறுத்தப்படுவதும் உண்டு. கிழிந்த ஏறு பெருந்தமனி நீக்கப்பட்டு, டேக்ரான் எனப்படும் பாலியெசுட்டர் இழைக்குழாய் தைக்கப்படுகிறது. வால்வு சேதமுற்றிருந்தால் சீரமைக்கப்படும், அல்லது மாற்றப்படும். இவ்வறுவையின்போதான இறப்பு 1990களின் நடுப்பகுதியில் 25% ஆக இருந்து, 2010களின் தொடக்கத்தில் 18% ஆகக் குறைந்தது.

சிக்கலற்ற 'பி' வகை, மருந்துகளாலேயே கட்டுப்படுத்தப்படுகிறது. உறுப்புகளுக்குக் குருதி செல்லாமை, வெடிப்பு, தணியாத வலி ஆகியன இருந்தால், தொடைத் தமனி வழியே உறையிட்ட ஸ்டென்ட் செலுத்தப்பட்டுக் கிழிசலின் வாய் மூடப்படுகிறது. உட்பிளவுக்கு இம்முறையைப் பயன்படுத்தியது பற்றிய முதல் விரிவான அறிக்கைகள் 1999இல் வெளிவந்தன.

உயிர் பிழைத்தோருக்குச் சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. பொய்க்குழல் பெரும்பாலும் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. பின்னாளில் அது வீங்கலாம். வாழ்நாள் முழுவதும் அழுத்தக் கட்டுப்பாடும், குறித்த கால இடைவெளியில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. சோதனையும் தேவை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரின் பெருந்தமனியையும் சோதித்துப் பார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

வரலாறு

பிரித்தானிய மன்னர் இரண்டாம் சார்சு 1760 அக்டோபர் 25 அன்று காலையில் திடீரென இறந்தார். அரண்மனை மருத்துவர் பிராங்க் நிக்கல்சு செய்த பிணக்கூறாய்வில், இதய உறை முழுவதும் குருதி தேங்கியிருந்ததும், பெருந்தமனியின் உட்புறத்தில் குறுக்காக ஒரு கிழிசல் இருந்ததும் பதிவாயின. இந்நோய் பற்றிய தொடக்ககால விரிவான விவரிப்புகளுள் இது ஒன்று.

இந்நோய்க்கான வெற்றிகரமான அறுவை சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி 1954இல் செய்தார். டேக்ரான் குழாய்களை முதன்முதலில் உருவாக்கியபோது, அவற்றை வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தில் தாமே தைத்தவரும் இவரே. 2005 திசம்பர் 31 அன்று, தம் 97ஆம் வயதில், அவருக்கே மார்பில் கடும் வலி ஏற்பட்டது. அது உட்பிளவே என்று அவர் தாமே கணித்தார். தொடக்கத்தில் அறுவை வேண்டாம் என்றார். 2006 பிப்ரவரியில் நிலைமை மோசமாகி நினைவிழந்த பின், அத்தகைய முதியவருக்கு இவ்வறுவை தகுமா என்று ஊசுட்டன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு விவாதித்து இசைவளித்தது. அறுவையைச் செய்தவர் அவருடைய நீண்டகால உடன் பணியாளர் சார்சு நூன். பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்து தேறிய டிபேக்கி, மீண்டும் பணிக்குத் திரும்பினார். 2008 சூலை 11 அன்று, 99ஆம் வயதில் இறந்தார்.