மணிக்கணக்கும் மொழியும்: சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் சேவைவழிக் கற்றல்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1997இல் சமூக ஈடுபாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்று வகுத்தது. 2012இல் அதன் இடத்தில் ‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’ வந்தது. நேரத்தைவிட, மாணவர் எதைக் கற்றார், எதைச் சிந்தித்தார் என்பதே முதன்மை என்று சொல்லப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் 2014இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் நடப்புக்கு வந்த ‘லீப்ஸ் 2.0’ மதிப்பீட்டு முறையில் மணிக்கணக்கு மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. சேவைப் பிரிவின் முதல் நிலைக்கே 24 மணி நேரம் வேண்டும். இணைப்பாட அடைவில் ‘மிகச் சிறப்பு’ பெறுபவருக்குத் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளிகள் சலுகை உண்டு. சேர்க்கைப் புள்ளியோடு முடிச்சுப் போட்ட பிறகு, பிள்ளைகளும் பெற்றோரும் மணியை எண்ணுவதைக் குறை சொல்ல முடியாது.

அப்படி எண்ண வைத்துக் கட்டாயமாக்குவதால் வரும் கேடு ஆய்வுலகம் அறிந்ததுதான். ஸ்டூகாஸ், ஸ்நைடர், கிளாரி ஆகிய உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பாகத் தொண்டில் நாட்டமில்லாத மாணவரைக் கட்டாயப்படுத்தினால் பின்னாளில் தாமாக முன்வரும் எண்ணம் அவர்களிடம் குன்றுகிறது என்று காட்டியது. எதைச் செய்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கொடுத்தபோது அந்தப் பாதிப்பு தெரியவில்லை. இதை வைத்துக் கட்டாயத்தையே ஒழிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டாயம் இல்லையென்றால், துணைப்பாட வகுப்புகளுக்கே நேரம் போதாத பிள்ளைகள் தம் வீவக குடியிருப்பு வட்டாரத்தைத் தாண்டிய வாழ்க்கையைப் பார்க்காமலே பள்ளியை முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது வேறு கேள்வி: அந்த நேரத்தில் மாணவர் செய்யும் வேலைக்கு அவரிடம் உள்ள எந்தத் திறன் தேவைப்படுகிறது?

கொடி நாளை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை, எம்ஆர்டி நிலைய வாசல். கையில் உண்டியல் டின், மறுகையில் ஒட்டுவில்லைச் சுருள். காசு போடுபவரின் சட்டையில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டு நன்றி சொல்வதோடு வேலை முடிகிறது. அறநிறுவனத்துக்குப் பணம் சேர்கிறது, அது தேவையானதே. ஆனால் அந்த மாணவரின் இடத்தில் வேறு யார் நின்றாலும் பணி குறையப் போவதில்லை. படித்த கணக்கோ அறிவியலோ மொழியோ அங்கே உதவவில்லை. சேவை நடந்தது, கற்றல் நடக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே நடந்து பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் பேசும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சை வட்டாரத் தமிழ் காதில் விழும். இந்த ஊழியர்களுக்காகப் பணியாற்றும் அமைப்புகளில் ‘டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ’ 2008இல் கஃப் ரோட்டில் இலவச உணவுத் திட்டமொன்றைத் தொடங்கியது. வேலையிடத்தில் அடிபட்டோ சம்பளம் கிடைக்காமலோ வழக்கு முடியும் வரை சிறப்பு அனுமதிச் சீட்டில் தங்கியிருப்பவர்கள் பொதுவாக வேலை செய்ய முடியாது. அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை கையில் உள்ள காகிதம் என்ன சொல்கிறது என்பதை விளக்க ஒருவர்.

2016 ஏப்ரல் முதல் வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் எல்லா ஊழியருக்கும் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது சட்டப்படி கட்டாயம். சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரச் சம்பளத்தைக் காண 600ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 3 வெள்ளி 15 காசு வரும். ‘ஓட்டி’ எனப்படும் மிகைநேர வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 4 வெள்ளி 72 காசு. உயர்நிலை மூன்று மாணவருக்கு இது இரண்டு நிமிடக் கணக்கு. ஆனால் அதை ஓர் ஊழியரிடம், “அண்ணே, இந்த மாசம் ஓட்டிக்கு இவ்வளவு வரணும், சீட்டுல இவ்வளவுதான் போட்டிருக்காங்க” என்று சொல்ல வேண்டும் என்றால் கணக்கு மட்டும் போதாது, பேச்சுத் தமிழ் வேண்டும். ‘பிடித்தம்’, ‘படி’, ‘முன்பணம்’ போன்ற சொற்கள் நாவில் வர வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

இங்கேதான் என் வாதத்தின் மையம். தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய்ந்த குழு 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரைக்குப் பிறகும் வீட்டில் தமிழ் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வாய்மொழித் தேர்வுக்காகப் பேசும் பிள்ளைக்குத் தேர்வாளர் ஒருவரே செவி. அந்தத் தமிழ் உண்மையில் தேவைப்படும் மனிதர்கள் சிராங்கூன் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேவைத் திட்டம் நற்குணப் பாட நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க, தமிழ் வகுப்பு தனியே நடக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதுதான் பெரிய இழப்பு என்பேன்.

உதவுபவர், உதவி பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வும் இதில் ஓரளவு சமன்படுகிறது. இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோ செல்லவிருந்த அமெரிக்கத் தொண்டர்களிடம், அந்த மக்களின் மொழியைப் பேச முடியாதவர்கள் தாம் செய்யும் கேட்டைக்கூட உணர மாட்டார்கள் என்ற பொருளில் கடுமையாக எச்சரித்தார். தேக்கா வரும் மாணவருக்கு மொழி ஓரளவு இருக்கிறது. அதை இன்னும் நன்றாக வைத்திருப்பவர் எதிரில் இருக்கும் ஊழியர். திருத்தப்படுவது மாணவரின் தமிழ்தான். அந்த வகையில் ஆசிரியர் இடத்தில் அமர்பவர் அவரே.

எதிர்வாதங்களும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையை இழப்பீட்டு வழக்கில் ஆலோசனை சொல்ல விடுவது ஆபத்து. ஊழியரின் தனிப்பட்ட விவரம் வகுப்பறைப் பேச்சாகிவிடலாம். இரண்டும் நியாயமான அச்சங்கள். ஆகவே வழக்கு விவகாரத்தை அமைப்பின் அனுபவசாலிகளிடம் விட்டுவிட வேண்டும். படித்துக்காட்டுவது, கூட்டிப் பார்ப்பது, சொற்பட்டியல் தயாரிப்பது, மருத்துவமனைக் குறிப்பைப் பேச்சுத் தமிழில் எடுத்துச் சொல்வது ஆகியவை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க மாணவர் செய்யக்கூடியவை. சிந்தனைக் குறிப்பேட்டில் ஊழியரின் பெயரோ நிறுவனமோ இடம்பெறக் கூடாது.

நீடிப்பு இன்னொரு தேவை. இந்தியாவில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டாண்டில் 240 மணி நேரமும், தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் முகாமும் கேட்கிறது. அதன் நடைமுறையில் குறைகள் பல. என்றாலும் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்ற அதன் அடிப்படை சரியானது. ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளையிடம் எந்த ஊழியரும் சம்பளச் சீட்டை நீட்ட மாட்டார். பழகிய முகமாக இருந்தால்தான் அது நடக்கும்.

கல்வி அமைச்சின் தமிழ்ப் பாடத்திட்ட வல்லுநர்கள் அடுத்த திருத்தத்தின்போது உயர்நிலை மூன்றில் ஓர் அரையாண்டையேனும் இத்தகைய தமிழ்வழிச் சேவைக்கு ஒதுக்க வேண்டும். வாய்மொழி மதிப்பெண்ணில் ஒரு பங்கை இப்பணிக்கு மாற்றி, மணிக்கணக்கை அந்த ஓர் இடத்திலாவது கைவிட வேண்டும். பள்ளி முதல்வர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை; தமிழாசிரியர் ஒருவரும் சம்மதிக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றும் இருந்தால் அடுத்த ஆண்டே தொடங்கலாம்.