தோஷகானாவும் நம் வீட்டு அலமாரியும்

தமிழ்நாட்டினின்று புதிதாகத் தில்லிக்கு வரும் நம்மவர் ஒருவர், கடைத்தெருவிற்குச் சென்று ‘பீரோ’ வேண்டும் என்று கேட்பாராயின், கடைக்காரர் ஒன்றும் விளங்காது விழிப்பார். ‘அலமாரி’ என்றால் உடனே காட்டுவார். இரண்டுமே வெளிநாட்டுச் சொற்கள்தாம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே வந்திறங்கிய பின்னர், போர்த்துகீசியரின் ‘அர்மாரியோ’ என்னும் சொல், சாவி, ஜன்னல் முதலியவற்றோடு நம் நாட்டு மொழிகளிற் கலந்து அலமாரி ஆயிற்று. பீரோவின் கதை இன்னும் விந்தையானது. பிரெஞ்சு மொழியில் முரட்டுக் கம்பளித் துணி ஒன்றிற்குப் ‘பூர்’ என்று பெயர். அத்துணி விரித்த எழுதுமேசை ‘பீரோ’ எனப்பட்டது. பின்னர் மேசை இருந்த அலுவலகமே அப்பெயரைப் பெற்றது. தமிழிலோ அது துணிமணி வைக்கும் பெட்டகத்தைக் குறிக்கலாயிற்று. துணியிற் பிறந்த சொல் துணியினிடமே வந்து சேர்ந்தது.

ஆடைகளை வகுத்து வைத்தல் இன்று நமக்கு வீட்டு வேலை. முற்காலத்தில் அஃது அரசாங்கக் காரியமாய் இருந்தது. இங்கிலாந்தில் ‘வார்ட்ரோப்’ என்பது முதலில் அரசனுடைய உடைகளும் விலையுயர்ந்த பொருள்களும் வைக்கும் அறை. அங்கே பணமும் வைக்கப்பட்டமையால், 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ஹென்றி, முதலாம் எட்வர்டு ஆகியோர் காலத்தில், அவ்வறை வளர்ந்து நிதி இலாகாவாகவே இயங்கியது. போர்ச் செலவுகளும் அதன் வழியே நடந்தன.

நம் நாட்டில் இதனை ஒத்தது மொகலாயரின் தோஷகானா. அக்பர் காலத்து ஆட்சிமுறையை விரிவாக எழுதிய அபுல் பஸல், தம் ‘அயினி அக்பரி’யில் அரண்மனை ஆடைச்சாலைக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். விலைக்கு வாங்கியவை, சொல்லி நெய்வித்தவை, காணிக்கையாக வந்தவை ஆகிய துணிகள் யாவும் அங்கே வரிசைப்படி வைக்கப்பட்டன. எந்த வரிசையில் உள்ளே சென்றனவோ, அதே வரிசையில் அவை மீண்டும் வெளியே எடுத்துப் பார்வையிடப்பட்டன. பின் தைக்கவோ பரிசளிக்கவோ கொடுக்கப்பட்டன. ஒரே சமயத்தில் வந்தவற்றை விலைப்படி அடுக்கினர். தோஷகானா என்னும் பெயர் இன்றும் மத்திய அரசில் வழங்குகிறது. பதவியில் இருப்போர் வெளிநாடுகளிற் பெறும் பரிசுகள் அங்கேதான் ஒப்படைக்கப்படுகின்றன.

முந்தி வந்தது முந்தி வெளிவர வேண்டும் என்னும் இவ்விதியின் அருமையை நான் நட்டப்பட்டே அறிந்தேன். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாளில் என் அன்னையார் தம் கூறைப்புடவையை என்னிடம் கொடுத்தனுப்பினார். ‘எப்படியும் மாற்றல் வரும்’ என்றெண்ணி, அதனைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தவாறே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மேலே ஆண்டுதோறும் கம்பளிகள் ஏறின. பதினொரு ஆண்டுகள் கழித்து, என் மகளுக்குக் காட்ட வேண்டி எடுத்து விரித்தபோது, பட்டு மடிப்புத்தோறும் இற்றுக் கோடுகோடாகப் பிரிந்தது. அந்து அரிக்கவில்லை, ஈரமும் படவில்லை. ஒரே மடிப்பிற் கிடந்தமையே அதனைக் கெடுத்துவிட்டது.

அதன் பின்னரே தச்சரை அழைத்துச் சுவரோடு பொருந்திய அலமாரி ஒன்று அமைத்தேன். கடைகளில் விற்கும் அலமாரிகள் பலவற்றில் தொங்கவிடும் இடமே பெரிது. தைத்த அங்கிகள் தோள் வடிவு கெடாதிருக்க அது வேண்டும். அதற்கு இரண்டடி ஆழம் தேவை. நம் வேட்டியும் புடவையுமோ தையலற்றவை, மடித்து வைத்தற்குரியவை. அவற்றிற்கு ஒன்றேகால் அடி ஆழமுள்ள தட்டுகள் போதும். தட்டுகளை நெருக்கமாக அமைத்தால் அடுக்கு உயராது. அடியில் உள்ளதும் கைக்கு எட்டும். ஆதலால் தச்சரை அழைக்குமுன் வீட்டிலுள்ள துணிகளை எண்ணி, மடிப்பவை இத்தனை, தொங்குபவை இத்தனை என்று குறித்துக்கொள்ளுதல் நலம். அன்றாட ஆடை கையெட்டும் உயரத்திலும், கோடையிற் கம்பளி மேல்தட்டிலும் இருத்தல் வேண்டும். பட்டினை வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைத்து, சில திங்களுக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் ஆறவிட்டு, வேறு மடிப்பில் மடிக்க வேண்டும். அந்துருண்டை சரிகையைத் தொடலாகாது.

கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923இல் பம்பாயில் எஃகு அலமாரி செய்யத் தொடங்கினர். பிற்காலத்தில் அத்தகைய அலமாரிகள் நடுத்தர வீடுகளிலும் இடம் பெற்றன. திருடனுக்கும் கரையானுக்கும் அவை தடை. எனினும், எடுத்துப் பாராத சோம்பலுக்கு எஃகுக் கதவும் மருந்தன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர், மாற்றல் வரும், ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தில் ஆண்டுக்கணக்கில் பெட்டியைத் திறவாமலே காலங்கழிக்கிறோம். திரும்பும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை இருக்கும் வீட்டில் ஒரு தட்டேனும் ஒழுங்காக அமைத்துப் பெட்டியிலுள்ளவற்றை அதில் எடுத்து வைப்போம். என் அன்னையாரின் புடவையில் கிழியாமல் எஞ்சியது முந்தானை மட்டுமே. அஃது இப்போது நடுத்தட்டில், கண்ணிற் படும் இடத்தில் இருக்கிறது.