இத்தாலியின் மலை நகரங்கள்: கோடைப் பாதையில் போரின் தடங்கள்

கற்கள் பதித்த தெருக்கள், பழைய மதில்கள், சரிவுகளில் ஒலிவ் தோட்டங்கள். நடு இத்தாலியின் மலை நகரங்களைக் காரில் சுற்றிப் பார்க்க ஒவ்வொரு கோடையிலும் பெருந்தொகையானோர் வருகின்றனர். பெரும்பாலான பழைய நகர்ப்பகுதிகளுக்குள் வெளியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. மதிலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

இதே மலைகளின் ஊடாகத்தான் 1943–44இல் போர்முனை தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தது. அழிவை இந்த ஊர்கள் ஒரேவிதமாக நினைவுகூரவில்லை.

குபியோ: காக்கப்பட்ட சுவர்

உம்பிரியா மாநிலத்தின் இந்நகரில் 1944 ஜூனில் ஜேர்மன் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். பழிக்குப் பழியாக ஜூன் 22 அன்று பொதுமக்கள் 40 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் ஒரு தாயும் மகளும் அடங்குவர். சன்னங்கள் துளைத்த சுவர் இன்றும் நினைவிடத்துடன் பேணப்படுகிறது.

மொன்டே கசினோ: மீளக் கட்டிய மடம்

ரோமுக்குத் தெற்கே, ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் நிறுவிய மடம் இது. 1944 பெப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் இதைக் குண்டுவீசித் தகர்த்தன. உள்ளே தஞ்சமடைந்திருந்த பொதுமக்கள் பலர் இறந்தனர். மடம் பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டு, 1964இல் பாப்பரசர் ஆறாம் பவுலினால் அர்ச்சிக்கப்பட்டது. அடிவாரத்திலுள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில் 4,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன.

சான் பியெத்ரோ இன்ஃபினே: அப்படியே விட்ட ஊர்

கசினோவிலிருந்து சிறிது தூரத்திலுள்ள இக்கிராமம் 1943 டிசெம்பர் சண்டையில் தரைமட்டமானது. மக்கள் குகைகளுக்குள் ஒளிந்து உயிர்தப்பினர். போருக்குப் பின் அருகே புதிய ஊர் எழுந்தது. கூரையற்ற தேவாலயமும் இடிந்த வீடுகளும் நினைவுப் பூங்காவாக விடப்பட்டுள்ளன.

நீதி

நினைவிடங்கள் எழுந்த வேகத்தில் நீதி வரவில்லை. 1994இல் ரோமில், இராணுவ வழக்குத்தொடுநர் அலுவலகக் கட்டடத்தில், கதவுகள் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்த ஓர் அலுமாரி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் போர்க்குற்றங்கள் பற்றிய 695 கோப்புகள் கிடந்தன. இத்தாலியர்கள் அதை 'வெட்கத்தின் அலுமாரி' என்கிறார்கள். அதன் பின்னரே பல வழக்குகள் உயிர்பெற்றன. தொஸ்கானா மாநிலத்தின் சந்த் அன்னா என்ற மலைக்கிராமத்தில் 1944 ஓகஸ்ட் 12 அன்று நடந்த படுகொலைக்காக, 2005இல் முன்னாள் எஸ்.எஸ். படையினர் பத்துப் பேருக்கு அவர்கள் மன்றில் இல்லாமலேயே ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. ஜேர்மனி அவர்களை ஒப்படைக்கவில்லை.

61 ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தீர்ப்பு எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனாலும் அங்கு நடந்தது குற்றமே என்பது நீதிமன்றப் பதிவில் ஏறியது.