வெள்ளிக் கொலுசின் கறுப்பு

வெள்ளிக் கொலுசு நாள்பட்டால் கறுத்துப் போகும். நம் வீட்டுப் பெண்கள் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். அந்தக் கறுப்புக்கு வெள்ளி சல்ஃபைடு என்று பெயர். காருக்குள் உட்கார்ந்தபடி வெளியே எத்தனை டிகிரி என்று பார்க்கிறோமே, அந்த வித்தையின் தொடக்கம் இதில்தான் இருக்கிறது.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் கழகம். அங்கே மைக்கேல் ஃபாரடே. கொல்லர் வீட்டுப் பிள்ளை, பள்ளிப் படிப்பு சொற்பம், புத்தக பைண்டிங் கடையில் ஏழு வருஷம் தொழில் பழகியவர். 1833-ல் அவர் வெள்ளி சல்ஃபைடில் மின்சாரத்தைச் செலுத்தி, அடியில் விளக்கைக் காட்டிச் சூடேற்றினார். உலோகம் சூடானால் அதில் மின்சாரம் ஓடுவது குறையும். அவருடைய குருநாதர் ஹம்ப்ரி டேவி 1821-லேயே சொல்லிவிட்டது அது. இங்கே நேர்மாறு. சூடு ஏற ஏற மின்சாரம் தாராளமாக ஓடியது, ஆறினதும் குறைந்தது. ஃபாரடே கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். ஏன் என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை. எலக்ட்ரான் என்ற ஒன்றே 1897-ல்தான் தெரிய வந்தது!

அப்புறம் கிட்டத்தட்ட நூறு வருஷம் அது ஏட்டோடு கிடந்தது. 1930-ல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் அதை உருப்படியான சாமானாக்கினார். இவரும் முறையான கல்லூரிப் படிப்பு இல்லாதவர். (முன்பு காது மெஷினில் போட்டோமே மெர்க்குரி பட்டன் பேட்டரி, அதுவும் இவர் கைங்கரியம்தான்.) தெர்மிஸ்டர் என்ற பெயர் பிறகு நிலைத்தது. இப்போது மாங்கனீசு, நிக்கல் ஆக்சைடுகளைப் பானை சுடுவது போலச் சுட்டுச் செய்கிறார்கள். மிளகளவுதான் இருக்கும்.

கார்களில் அது பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், இரண்டே ஒயரில் தொங்கும். வெயில் ஏறினால் அதன் மின்தடை இறங்கும். அதை வைத்து கம்ப்யூட்டர் டிகிரி கணக்குப் போடும். ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அது கடுங்குளிர்!

எங்கள் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று. வேலூரில் கத்திரி வெயில், டேஷ்போர்டில் மைனஸ் 40. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அதோடு நிற்கவில்லை. பனிக்காலம் என்று நம்பிய வண்டி ஏ.சி. கம்ப்ரசரை ஓடவிடவில்லை. வாரம் இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். திரும்பும்போது அவளுக்குத் தலை நிற்காது. நடு மத்தியானத்தில் அனல் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, ஈரத்துண்டை நெற்றியில் போட்டபடி வருவாள்.

சர்வீஸ் சென்டரில், முன்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் தம்பி மல்ட்டிமீட்டரோடு வந்தான். சென்சாரைக் கழற்றி, மீட்டரில் மாட்டி, சூடு காட்டினான். ஓம் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஃபாரடே விளக்கை வைத்துச் செய்த அதே சோதனை.

"சார், சென்சார் நல்லாத்தான் இருக்கு. ஒயர்லதான் கோளாறு."

ஒயரைத் தடவிக்கொண்டே போனான். பம்பருக்குள் ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. ஒரு ஒயர் துண்டாகி, செம்பு பச்சை பூத்திருந்தது. பச்சையில் ஈயம் பிடிக்காது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளி, புது ஒயர் சேர்த்தான். பற்ற வைக்குமுன் ஸ்லீவைக் கோத்துக்கொண்டான். பற்ற வைத்தபின் அதைச் சூடு காட்டிச் சுருக்கினான். அரைமணி வேலை.

எண் உடனே மாறவில்லை. நிற்கும் வண்டியில் என்ஜின் சூடு கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் கம்ப்யூட்டர் நிதானமாகத்தான் நம்புமாம். காட்பாடி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினோம். 41 என்று வந்தது. ஏ.சி. பிடித்தது. மறுநாள் டயாலிசிஸ் முடிந்து ஏறியதும் என் மனைவி கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். வீடு வரும்வரை தூங்கினாள்.