காற்றும் நீரும் காலமும்: சீன மரபுக் கலைச்சொற்கள் கூறும் வரலாறு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் புத்தாண்டு நெருங்கும் வேளையில் சில சொற்கள் ஆண்டுதோறும் நம் காதில் விழுகின்றன. ஃபெங் சுயியைச் ‘சீன வாஸ்து’ என்கிறோம். மரம், தீ, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தையும் ‘சீனப் பஞ்சபூதம்’ என்கிறோம். எலி முதல் பன்றி வரையிலான பன்னிரு விலங்குகளைச் ‘சீன இராசி’ என்கிறோம். அயலாரின் கருத்தைத் தம் வீட்டுச் சொல்லால் விளங்கிக்கொள்ள முயல்வது மனித இயல்பே. ஆயினும், இம்மூன்று பெயர்ப்புகளும் மூலக் கருத்துகளின் உருவத்தை மாற்றிவிடுகின்றன. சீன மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் நம் மாணவர், அண்டைவீட்டாரின் மரபைப் பிழையாக அறிந்துகொள்ள இவை வழிசெய்கின்றன. ஆகவே, இச்சொற்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றினை இக்கட்டுரையில் ஆராய்வோம். இக்கலைகள் பலிக்குமா, பலிக்காதா என்பது நம் வினாவன்று. அவற்றின் சொற்கள் எப்பொருளைச் சுட்டின என்பதே நம் வினா.

மலையின் இரு பக்கங்கள்

இன், யாங் என்னும் இரண்டும் தொடக்கத்தில் தத்துவச் சொற்களாக இருக்கவில்லை. மலையின் நிழல்படும் பக்கம் ‘இன்’. வெயில்படும் பக்கம் ‘யாங்’. சீன நாடு நில நடுக்கோட்டுக்கு வடக்கே அமைந்திருத்தலால், மலையின் தென்புறமே வெயில் பெறும். ஆற்றுக்கோ வடகரை யாங் ஆகும். லுவோ ஆற்றின் வடகரையில் எழுந்த பழந்தலைநகர் லுவோயாங் எனவும், ஹுவா மலையின் வடக்கே உள்ள ஊர் ஹுவாயின் எனவும் பெயர்பெற்றமை இதனாலேயே. ஒரே மலையின் இரு பக்கங்களாகிய இவை, கதிரவன் நகர நகர ஒன்று மற்றொன்றாக மாறுவன. எனவே, இவற்றை நன்மை, தீமை எனப் பிரித்துரைப்பது பொருந்தாது.

‘சி’ என்னும் சொல்லும் அத்தகையதே. மூச்சு, நீராவி, மூடுபனி, உடலில் உலவும் ஆற்றல் ஆகிய அனைத்தையும் அச்சொல் குறித்தது. இன்றைய சீன மொழியிலும் வானிலையைக் குறிக்கும் சொல் ‘வானத்தின் சி’ என்றே அமைந்துள்ளது. நம்மவர் இதனைப் ‘பிராணன்’ என மொழிபெயர்ப்பதுண்டு. பிராணன் உயிர்களின் உடலுக்குரியது. சியோ நிலத்திலும் மலையிலும் வானிலும் உள்ளது. நீராவியையும் உயிர்மூச்சையும் ஒருங்கே குறிக்கும் நம் ‘ஆவி’ என்னும் பழஞ்சொல் இதற்கு இன்னும் அணுக்கமானது. ஆயினும், இன்றைய வழக்கில் அச்சொல் பேயையும் குறிப்பதால், ‘சி’ எனவே எழுதி விளக்கந்தருதல் நன்று.

காற்றும் நீரும்

ஃபெங் என்பது காற்று. சுயி என்பது நீர். ஹொக்கியன் மொழியில் இதுவே ‘ஹோங் சுயி’ என ஒலிக்கும். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவரின் பெயரால் வழங்கும் ‘அடக்க நூல்’ இச்சொல்லை விளக்கும் பழைய நூலாகும். அந்நூலின் இன்றைய வடிவம் அவருக்குப் பிற்பட்டது என்பர் அறிஞர் பலர். நிலத்தடியில் ஓடும் சியைக் காற்று கலைத்துவிடும். நீர் தடுத்து நிறுத்தும். ஆதலால், காற்று அடங்கியதும் நீர் சூழ்ந்ததுமான இடத்தைத் தேடுவதே இக்கலையின் நோக்கம். இதற்கு முன்னிருந்த பெயர் ‘கான்யூ’ என்பதாகும். அது வானையும் நிலத்தையும் குறிக்கும் தொடர்.

நூலின் பெயரே ஓர் உண்மையை உணர்த்துகிறது. அது முதன்மையாக இறந்தோரை அடக்கம் செய்யும் இடத்தைப் பற்றிப் பேசியது. வாழ்வோர் இல்லத்தை ‘யாங் மனை’ என்றும் கல்லறையை ‘இன் மனை’ என்றும் சீனர் வழங்கினர். முன்னோரின் எலும்பு நல்ல சியைப் பெற்றால், வழித்தோன்றல்கள் நலம் பெறுவர் என்பது அந்நம்பிக்கை. நம் வாஸ்து மரபின் நடுப்பொருள் கோயிலும் வீடும் நகருமாகும்; முன்னோர் கல்லறைக்கு அங்கு இத்தகைய இடமில்லை. ‘சீன வாஸ்து’ என்னும் தொடரில் மறைந்துபோவது இந்தப் பாதியே.

இதனை நூலில் மட்டுமன்றி, நேரிலும் காணலாம். மலாக்காவின் புக்கிட் சீனாவிலும், 1922இல் நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்ட சிங்கப்பூரின் புக்கிட் பிரவுனிலும், பழங்கல்லறைகள் பல குன்றின் சரிவில் அமைந்துள்ளன. பின்னே மேடு, இரு கைகள் அணைப்பதுபோல் வளைந்த வரம்பு, முன்னே திறந்த வெளி என்பது அவற்றின் அமைப்பு. பின்னே கருநிற ஆமை, முன்னே செந்நிறப் பறவை, இடப்புறம் நீலநாகம், வலப்புறம் வெண்புலி என்னும் நான்கு காவல் உருவங்களின் இருப்பிடத்தை அவ்வமைப்பு ஒத்துள்ளது.

ஊசியும் இருபத்துநான்கு மலைகளும்

நிலத்தின் வடிவை நோக்கி இடம் தேர்ந்த மரபினர் ‘வடிவ நெறியினர்’ எனப்பட்டனர். தாங் காலத்து யாங் யுன்சோங் அவர்களுள் புகழ்பெற்றவர். திசையைக் கணித்து இடம் தேர்ந்தோர் ‘திசைகாட்டி நெறியினர்’ ஆவர். அவர்தம் கருவி ‘லுவோபான்’ என்னும் வட்டத்தட்டு. அதன் நடுவே காந்த ஊசி. அதைச் சுற்றி வளையங்கள். அவற்றுள் முதன்மையான வளையம் 360 பாகையை 15 பாகை வீதம் 24 பிரிவுகளாக வகுக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ‘மலை’ என்று பெயர்.

இவ்வகைக் கலைஞர் காந்தக்கல்லில் தேய்த்த ஊசியைப் பயன்படுத்தினர் என்பதையும், அவ்வூசி நேர்த்தெற்கைக் காட்டாது சற்றுக் கிழக்கே விலகி நிற்கும் என்பதையும் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷென் குவோ எழுதிவைத்தார். காந்த விலக்கத்தைக் குறித்த மிகப் பழைய தெளிவான பதிவுகளுள் அது ஒன்று. பின்னர், அதே 24 திசைப் பெயர்களைக் கப்பலோட்டிகளும் கையாண்டனர். 1405 முதல் 1433 வரை கடல்வழி சென்ற செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய வரைபடம் ஒன்று 1621இல் தொகுக்கப்பட்ட நூலில் இடம்பெற்றுள்ளது. மலாக்காவையும் தெமாசிக்கையும் குறிக்கும் அவ்வரைபடத்தில், கடல்வழிகள் ஊசித் திசைகளாலேயே சொல்லப்படுகின்றன. மனையும் கல்லறையும் தேர்ந்த சொற்கள் நம் நீரிணைக்கு வழிகாட்டின.

ஐம்பூதமா, ஐந்தியக்கமா?

‘வூ சிங்’ என்னும் தொடரில் ‘வூ’ என்பது ஐந்து. ‘சிங்’ என்பதன் அடிப்பொருள் நடத்தல், செல்லுதல் என்பதாம். பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அது எவ்வாறு மாறிச் செல்கிறது என்பதையே அச்சொல் நோக்குகிறது. மரம் தீயை வளர்க்கும்; தீ சாம்பலாகி மண்ணைத் தரும்; மண்ணில் உலோகம் பிறக்கும்; உலோகத்திலிருந்து நீர் தோன்றும்; நீர் மரத்தை வளர்க்கும். இது பிறப்பிக்கும் சுழற்சி. மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும். நீர் தீயை அவிக்கும். தீ உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். இது வெல்லும் சுழற்சி.

தொல்காப்பியம் உலகை நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஆகிய ஐந்தின் கலவையாகக் காண்கிறது. அது பொருளின் ஆக்கத்தைப் பற்றிய கருத்து. இரு பட்டியல்களிலும் தீ, மண், நீர் என்னும் மூன்று பெயர்கள் பொதுவாயினும், கேட்கப்பட்ட கேள்விகள் வெவ்வேறானவை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ யான், அரசமரபுகள் ஒன்றையொன்று வென்று வருவதை இச்சுழற்சியால் விளக்கினார். சீனத்தை ஒன்றிணைத்த சின் பேரரசு, தனக்கு முந்தைய சோவ் மரபின் தீயை அவிக்கும் நீரே தான் எனக் கூறிக் கருநிறத்தை ஏற்றுக்கொண்டது. பூதம் என்னும் சொல்லால் இவ்வரலாற்றை விளக்க இயலாது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் சென்ற ஜெசூட் பாதிரியாரும் இந்த ஐந்தைக் கிரேக்கரின் நான்கு மூலப்பொருள்களோடு ஒப்பிட்டுக் குறைகண்டனர். ‘ஐந்தியக்கம்’ என்பது தமிழுக்குப் பொருந்திய சொல்லாகலாம்.

அறுபதாண்டுச் சுழற்சி

சீனக் காலக்கணிப்பின் அடித்தளம் விலங்குகளன்று. பத்து ‘வானத் தண்டுகளும்’ பன்னிரண்டு ‘நிலக் கிளைகளும்’ சேர்ந்து அதனை அமைக்கின்றன. இரு வரிசைகளும் ஒருசேர ஒவ்வோர் அடியாக நகர்வதால், 10க்கும் 12க்கும் மீச்சிறு பொது மடங்காகிய 60ஆம் அடி முடிந்ததும் முதல் இணை மீண்டும் வரும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஷாங் காலத்துக் குறி எலும்புகளில் நாள்களை எண்ண இம்முறை பயன்பட்டது. ஆண்டுகளை எண்ணும் வழக்கம் ஹான் காலத்தில் நிலைபெற்றது.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளை எண்ணும் நமக்கு இது வியப்பளிக்காது. ஏறத்தாழ 12 ஆண்டுகளில் வானை ஒருமுறை வலம்வரும் வியாழனோடு நம் கணக்கு தொடர்புடையது. சீனரும் வியாழனை ‘ஆண்டுக்கோள்’ என்றே அழைத்தனர். எனினும், இரண்டும் ஒன்றல்ல. நடப்புச் சுழற்சி சீனருக்கு 1984இலும் நமக்கு 1987இலும் தொடங்கிற்று. வியாழனுக்கு எதிர்த்திசையில் நகர்வதாகக் கற்பிக்கப்பட்ட நிழற்கோளே ‘தை சுய்’. புத்தாண்டையொட்டி இங்குள்ள சீனக் கோயில்களில் அமைதி வேண்டி வழிபடப்படும் தெய்வமும் அதுவே.

இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டை இங்கு நினைவுகூர்தல் தகும். செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டுக் காணிக்கைகளைக் கூறுகிறது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாரையும் போற்றுகின்றன. சீனப் பகுதியில் ஆண்டு ‘ஜி சோவ்’ எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ஜி என்பது மண்ணுக்குரிய தண்டு; சோவ் என்பது எருதுக்குரிய கிளை.

விலங்குகளும் எட்டெழுத்தும்

பன்னிரு கிளைகளுக்கு விலங்குகளைப் பொருத்தியது எளிய மக்கள் நினைவில் கொள்வதற்காகலாம். 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதியில் அகழப்பட்ட சின் காலக் கல்லறையில் மூங்கிற் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் விலங்குப் பட்டியலும் உண்டு. இன்று குதிரை நிற்கும் இடத்தில் அதில் மான் நிற்கிறது. பட்டியல் அக்காலத்தில் முழுதாக உறுதிபெறவில்லை என்பது இதனால் புலனாகும்.

இராசி என்பது வானத்தின் ஒரு பகுதி. சீன விலங்கோ காலத்தின் ஒரு பகுதி. அதற்கு விண்மீன் கூட்டம் இல்லை. ‘ஆண்டு விலங்கு’ என்பதே தக்க பெயர். மேலும், சீனச் சோதிடர் ஆண்டு விலங்கை மட்டும் கொண்டு பலன் கூறுவதில்லை. ஆண்டு, திங்கள், நாள், நேரம் ஆகிய நான்கிற்கும் ஒவ்வொரு தண்டும் கிளையும் சேர்ந்த எட்டெழுத்தே ‘பா சி’ எனப்படும். நாளின் தண்டையே பிறந்தவரைக் குறிப்பதாகக் கொள்ளும் முறை, சுங் காலத்துச் சூ சிபிங்கின் பெயரோடு இணைந்தது. இம்முறையில் ஆண்டு புத்தாண்டு நாளில் பிறவாது; பிப்ரவரி 4ஐ ஒட்டிவரும் ‘இளவேனில் தொடக்கத்தில்’ பிறக்கும். 2024 பிப்ரவரி 6இல் பிறந்த குழந்தை, பிப்ரவரி 10இல் வந்த புத்தாண்டின்படி முயல், எட்டெழுத்தின்படி நாகம்.

இவற்றை ஐயுற்றோரும் சீனரிடையே பண்டே இருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டினரான வாங் சோங் பன்னிரு விலங்குகளையும் பட்டியலிட்டு, அவற்றின் ஐந்தியக்கத் தொடர்பை வினவினார். எலி நீருக்குரியது, குதிரை தீக்குரியது என்றால், எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம்.

சொல்லின் விளைவு

சொல் ஏட்டோடு நிற்பதில்லை. ‘பிங் வூ’ எனப்படும் தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்குக் கேடு விளைப்பாள் என்னும் நம்பிக்கை சப்பானில் வேரூன்றியது. 1965இல் ஏறத்தாழ 1.82 மில்லியனாக இருந்த அந்நாட்டுப் பிறப்புகள், தீக்குதிரை ஆண்டான 1966இல் ஏறத்தாழ 1.36 மில்லியனாகக் குறைந்து, மறு ஆண்டே மீண்டும் உயர்ந்தன. நற்பேறுடையதாகக் கருதப்படும் நாக ஆண்டான 1988இல் சிங்கப்பூரில் ஏறத்தாழ 53,000 குழந்தைகள் பிறந்தன. முந்தைய ஆண்டில் அவ்வெண்ணிக்கை 44,000க்கும் குறைவு. 1987இல் அறிவிக்கப்பட்ட மக்கட்பெருக்கக் கொள்கைக்கும் அதில் பங்குண்டு. அக்குழந்தைகள் 1995இல் தொடக்கப்பள்ளி புகுந்தபோது இடத்திற்கான போட்டியும் மிகுந்தது. 60 ஆண்டுகளுக்குப் பின் 2026இல் தீக்குதிரை மீண்டும் வருகிறது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இச்சொற்களைக் கற்பிக்கையில் மூன்று நெறிகளைப் பின்பற்றலாம். ஃபெங் சுயி, இன், யாங், சி முதலியவற்றை ஒலிபெயர்த்து, அடிப்பொருளையும் உடன்தருதல் ஒன்று. ஐந்தியக்கம், வானத் தண்டு, நிலக் கிளை, ஆண்டு விலங்கு, எட்டெழுத்து எனப் பொருள் புலப்படும் இடத்தில் தமிழாக்குதல் இரண்டு. வாஸ்து, பஞ்சபூதம், இராசி முதலிய நம் சொற்களை மொழிபெயர்ப்பாகக் கொள்ளாது, ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துதல் மூன்று. மாணவர்கள் தம் சீன நண்பரிடம் இவ்வெழுத்துகளை எழுதிக்காட்டச் சொல்லிப் பொருள் கேட்கலாம். கேட்டறிந்த பின், பிரபவ முதல் அட்சய வரையிலான நம் அறுபதின் கணக்கை அவருக்கு விளக்குவதும் நம் கடமையாகும்.