மலையகத்துச் சல்லிக்கல்: கட்டடப் பொருள் ஒன்றின் சமூக வரலாறு

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் இரு பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1869இல் வெளிப்பட்ட இலைநோயினால் அழிந்துபோன கோப்பி ஒன்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிவைத்த தேயிலை மற்றொன்று. இலக்கியத்திலும் நிலை இதுவே. கொழுந்தும் கூடையும் கங்காணியும் நாட்டார் பாடலிலும் சிறுகதையிலும் நாவலிலும் பெற்ற இடத்தைக் கல்லும் சுத்தியலும் பெறவில்லை. ஆயினும் தோட்டம் தோன்றுவதற்குப் பாதை வேண்டியிருந்தது. விளைபொருள் துறைமுகம் செல்வதற்கு இருப்புப்பாதை வேண்டியிருந்தது. பின்னர் நாட்டின் மின்சாரத்திற்கு அணைகள் வேண்டியிருந்தன. இவை யாவும் உடைத்த கல்லின்மீதும், உடைத்த கல்லைக்கொண்டும் எழுந்தவை. அக்கல்லின் தன்மைகளையும், அதனைச் சோதிக்கும் முறைகளையும், அதனை உடைத்தோரின் வாழ்நிலையையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து, முதலாவதைப் புவிச்சரிதவியலாளருக்கும், இரண்டாவதைப் பொறியியலாளருக்கும், மூன்றாவதை நம்மைப் போன்றோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவுவதன்று.

1. சல்லியும் சீமெந்தும்

சல்லி என்னும் சொல்லுக்குச் சிறு கற்றுண்டு என்பது ஒரு பொருள். சிறு காசு என்பது மற்றொன்று. இலங்கைப் பேச்சு வழக்கிலோ பணத்திற்கே சல்லி என்று பெயர். மதிப்புக் குறைந்ததையும் மதிப்பின் அளவுகோலையும் ஒரு சொல்லாற் குறிக்கும் இவ்வழக்கு, நாம் ஆராயப் புகும் பொருளுக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

கொங்கிறீற்றின் கன அளவில் ஏறத்தாழ முக்காற் பங்கு சல்லியும் மணலுமே. எஞ்சிய காற்பங்கில் சீமெந்தும் நீரும் அடங்கும். எனினும் கொங்கிறீற்றைப் பற்றிய பேச்சில் முதலிடம் பெறுவது சீமெந்தே. சல்லியை வெறும் நிரப்பியாக, விலைமிக்க சீமெந்தின் செலவைக் குறைக்கும் செயலற்ற பண்டமாகப் பொறியியல் நெடுங்காலம் கருதி வந்தது. இதற்கான காரணம் பொருளின் இயல்பில் மட்டும் இல்லை. சீமெந்துக்குச் சூளை வேண்டும், எரிபொருள் வேண்டும், பெருமூலதனம் வேண்டும். 1950இல் காங்கேசன்துறையில் உற்பத்தி தொடங்கும்வரை இலங்கை முற்றிலும் இறக்குமதிச் சீமெந்தையே நம்பியிருந்தமை இதனைத் தெளிவுறுத்தும். சல்லிக்கு வேண்டியவையோ அருகிலுள்ள பாறையும் அதனை உடைக்கும் கைகளுமே. மூலதனத்தின் கூறு சீமெந்திலும், உயிருழைப்பின் கூறு சல்லியிலும் மிகுந்து நின்றன. விலைமதிப்பில் சல்லி தாழ்ந்து நின்றது அதனுள் அடங்கிய உழைப்பு குறைவாக இருந்தமையாலன்று; அவ்வுழைப்பு மலிவாக வாங்கப்பட்டமையாலேயே ஆகும்.

2. இரு கரைகளிலும் ஒரே பாறை

மத்திய மலைநாட்டின் பாறைகள் புவியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் ஆட்பட்டு உருமாறியவை. இவ்வுருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. சார்னொக்கைற்று, பளிங்குப்படிகப்பாறை, பல்வகை நைசுப் பாறைகள், சலவைக்கல் ஆகியன இங்கு அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. இவற்றுள் சார்னொக்கைற்று செறிவும் உறுதியும் மிக்கது, சல்லிக்கு ஏற்றது. கருமைக்கா மிகுந்த நைசுப் பாறையோ வரிவரியாகப் பிளந்து தட்டையான துண்டுகளாக உடைவது. மலைச்சரிவுகளில் மழையாலும் வெப்பத்தாலும் சிதைந்த பாறை, பார்வைக்குக் கல்லாகத் தோன்றினும் கைப்பட உதிர்ந்துவிடும்.

சார்னொக்கைற்று என்னும் பெயரின் வரலாறு ஈண்டு மனங்கொளத்தக்கது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனியின் முகவராயிருந்த யோப் சார்னொக்கின் கல்லறைக்கு இட்ட கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகும். 1893இல் இப்பாறை வகையை ஆராய்ந்த ஹொலண்ட் என்னும் புவிச்சரிதவியலாளர் அவ்வணிகனின் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழகத்துப் பாறையொன்று கம்பனி அதிகாரியின் பெயரால் உலக அறிவியலில் இடம்பெற்றது.

இலங்கையும் தென்னிந்தியாவும் முன்னொரு காலத்தில் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் அடுத்தடுத்த பகுதிகளாய் இருந்தவை. ஆகவே இவ்வகைப் பாறை பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் உண்டு. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளர் மலைநாட்டிற் கண்டது முற்றிலும் அந்நியமான கல்லை அன்று. அந்நியமாயிருந்தவை அக்கல்லை உடைப்பித்த உற்பத்தி உறவுகளே.

3. உடைத்தோர்

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. குடியானவரின் கட்டாய உழைப்பால் பாதை அமைத்து வந்த குடியேற்ற ஆட்சிக்கு அதன்பின் கூலியுழைப்பு இன்றியமையாததாயிற்று. பாதை அமைப்பில் பேர்பெற்ற தோமஸ் ஸ்கின்னரின் காலத்திற் பணிபுரிந்த முன்னோடிப் படையில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோர் பெருந்தொகையினர். தவள மாடுகள் ஏறிய ஒற்றையடிப் பாதைகள் வண்டிப் பாதைகளாயின. பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அது எட்டியது. ஒவ்வொரு மைல் தண்டவாளத்தின் கீழும் உடைத்த கல் பரப்பப்பட்டது.

அக்கால வீதிக்கல்லின் அளவை வகுத்தவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மக்கடம். ஆறு அவுன்சுக்கு, அஃதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேற்பட்ட கல் வீதியில் இடப்படலாகாது என்பது அவர் விதி. மேற்பார்வையாளர் தராசு கொண்டு கற்குவியலைச் சோதித்தனர். நவீன காலத்திற் பரவலாக வழங்கிய சல்லிச் சோதனைகளுள் இது தொடக்க காலத்தது எனலாம். ஆயின் அத்தராசு கல்லை மட்டுமன்றி, குந்தியிருந்து சுத்தியல் பிடித்தவரின் நாளுழைப்பையும் நிறுத்தது. இலங்கையில் இன்றும் சல்லியும் மணலும் 'கியூப்' கணக்கில், அஃதாவது நூறு கனவடியை ஓரலகாகக் கொண்டு விற்கப்படுகின்றன. குவியலை அளக்கும் முறை, குவித்தவரை மறைக்கும் முறையாகவும் அமைந்துவிடுகின்றது.

கல்லுடைக்கும் இயந்திரம் அமெரிக்காவில் பிளேக் என்பவரால் 1858இல் காப்புரிமை பெற்றது. ஆயினும் கைச்சுத்தியல் மறையவில்லை. இதற்கான விளக்கத்தை 'மூலதனம்' முதற்றொகுதியில் இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்திற் காண்கிறோம். அமெரிக்கர் கண்டுபிடித்த கல்லுடைக்கும் இயந்திரத்தை ஆங்கிலேயர் பயன்படுத்தாமைக்குக் காரணம், அவ்வேலையைச் செய்யும் ஏழைக்கு அவனது உழைப்பின் மிகச் சிறு பகுதிக்கே கூலி கொடுக்கப்படுவதால், இயந்திரம் முதலாளிக்குச் செலவைக் கூட்டிவிடும் என்பதே என்று மார்க்ஸ் காட்டுகிறார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை கண்டியை அடைந்தது. இங்கிலாந்தின் ஏழைக்கே இது பொருந்துமாயின், கடனிற் பிணைக்கப்பட்டுக் கங்காணியின் கீழ்த் திரட்டப்பட்ட மலைநாட்டுத் தொழிலாளிக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தின் பின்தங்கிய நிலை அறிவின்மையின் விளைவன்று. மலிவான உழைப்பின் விளைவு.

4. சோதனை அறிவும் அணைகளும்

1918ஆம் ஆண்டு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சிக்காகோவில் டவ் ஏப்ரம்ஸ், கொங்கிறீற்றின் வலிமை அதிற் கலக்கும் நீருக்கும் சீமெந்துக்குமுள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதை நிறுவினார். மணலும் சல்லியும் எவ்வெவ்வளவிற் கலந்துள்ளன என்பதைச் சல்லடைகளால் அளந்து ஓர் எண்ணாற் குறிக்கும் முறையையும் வகுத்தார். அதே ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மலைநாட்டின் நீரிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரத்தை விளக்கும் ஆய்வுரையைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். நெடுங்காலத் தடைகளுக்குப் பின் 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நோர்ட்டன் பிரிட்ஜ் அணையை அடுத்து 1965இல் காசல்றீயும், 1969இல் மவுசாக்கலையும் எழுந்தன. இவை கொங்கிறீற்றின் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கும் அணைகள்.

அணைக்குரிய சல்லி சோதனையின்றி ஏற்கப்படுவதில்லை. இலங்கைப் பொறியியல் நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானிய நியமத்தின் முறைகள் சிலவற்றை நோக்குவோம். முதலாவது வடிவம். சராசரி அளவில் 0.6 பங்கிலும் குறைந்த தடிப்புள்ள துண்டு தட்டையானது எனத் தள்ளப்படும். தட்டைக்கல் மிகுந்தால் இடையிடையே வெற்றிடம் மிகும், சீமெந்தும் நீரும் மிகுதியாகச் செலவாகும். இரண்டாவது அடி தாங்குதல். 10 முதல் 14 மில்லிமீற்றர் வரையான சல்லியை உருக்குக் கிண்ணத்திலிட்டு, ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 380 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 15 முறை விழச்செய்வர். பின்னர் 2.36 மில்லிமீற்றர் சல்லடையிற் கடந்து விழும் தூளின் விழுக்காடே அளவாகும். தேய்வுக்கு ஆளாகும் தளங்களுக்கு அது 30ஐயும், ஏனையவற்றிற்கு 45ஐயும் மேவலாகாது. மூன்றாவது நசுங்குதல். 400 கிலோநியூட்டன் சுமையைப் பத்து நிமிடத்திற் படிப்படியாக ஏற்றி, உண்டாகும் தூளை அளப்பர். இவற்றோடு உருளையில் இரும்புக் குண்டுகளுடன் சுழற்றித் தேய்மானம் காண்பதும், நீருறிஞ்சும் அளவைக் காண்பதும், மணலில் வண்டலும் மைக்காவும் எவ்வளவு உள்ளன எனக் காண்பதும் உண்டு. வெளித்தோற்றத்தில் உறுதியான கல்லும் உள்ளே கேடு கொண்டிருக்கலாம். சிலவகைச் சிலிக்கா சீமெந்தின் காரத்தோடு வினைபுரிந்து, பல ஆண்டுகளின் பின் கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்கச் செய்வதை 1940இல் கலிபோர்னியாவில் ஸ்ரான்ரன் என்பவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வறிவு முற்போக்கானது என்பதில் நமக்கு ஐயமில்லை. சுத்தியலின் ஓசையிலிருந்தும் உடைந்த முகத்தின் நிறத்திலிருந்தும் கல்லின் தரத்தை அறிந்த கல்லுடைப்போரின் கைப்பழக்கத்தை அது பொதுவிதியாக்கியது. எவரும் எங்கும் சரிபார்க்கக்கூடியதாக்கியது. இயந்திரத்தைப் பழித்துக் கைத்தொழிலைப் போற்றும் மனோரதியவாதம் நமக்கு உடன்பாடன்று. நாம் எழுப்பும் வினா வேறு. இத்துணை நுணுக்கமான கணிப்பு எதற்கு அளிக்கப்பட்டது, எதற்கு மறுக்கப்பட்டது என்பதே அது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். காசல்றீ நீரேந்துவதற்கு முந்திய ஆண்டான 1964இல், ஒக்ரோபர் மாதம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என மனிதர் தொகைகளாகப் பங்கிடப்பட்டனர். அணைகளின் பின்னே தேயிலை நிலங்களும், மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரும் நீருள் அமிழ்ந்தன. வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் வெளித்தெரிகின்றன. கொழும்பின் ஆலைகளும் வீடுகளும் அந்நீரின் ஒளியைப் பெற்றன. நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்கு நீண்டகாலம் எரிந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்திலும் தலவாக்கலையின் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. 35.5 மீற்றர் உயரமான அவ்வணை 150 மெகாவாற் மின்னிலையத்துக்கு நீர் அளிக்கின்றது.

5. சோதிக்கப்படாத நிலம்

லயத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினதான அறை, கல்லோ மண்ணோ கொண்ட சுவர், தகரக் கூரை. அது எழுந்த இடத்தைத் தீர்மானித்தது நிலத்தின் உறுதியன்று. தேயிலைக்குப் பயன்படாத நிலம் எது என்பதும், வேலைத்தலத்திற்கு அண்மையானது எது என்பதுமே.

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள், மத்திய மலைத்தொடரின் தென்சரிவில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் தோற்றுவிக்கப்பட்டது. கட்டடப் பொருள்களின் தரத்தைச் சோதிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. சிதைந்த பாறை சல்லிக்கு உதவாது என்று கூறும் அறிவும், சிதைந்த பாறையின்மேற் குடியிருக்கலாகாது என்று கூறும் அறிவும் வேறுவேறல்ல. முதலாவது கூற்று ஒப்பந்தத்தின் நிபந்தனையாக உடனே நடைமுறையாகிறது. இரண்டாவது கூற்று எச்சரிக்கையாகவே நின்றுவிடுகிறது. ஏனெனில் ஆபத்தை அறிந்த தொழிலாளிக்கு விலகிச் சென்று குடியேறத் தனக்கென நிலமில்லை. லயமும் அது நிற்கும் மண்ணும் தோட்டத்திற்கு உரியவை. குறைபாடு அறிவில் இல்லை, நிலவுடைமையில் உள்ளது.

அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்திய உதவியுடனும் தோட்டங்களில் வீடுகள் கட்டப்படுகின்றன. இது நெடிய போராட்டத்தின் பயன். எனினும் வீடு கொடுப்பது வேறு, உறுதியான இடத்தில் உறுதியான பொருளால் எழுந்த வீட்டை நிலவுறுதிப் பத்திரத்துடன் கொடுப்பது வேறு. அணைக்கு வேண்டப்பட்ட சோதனையறிக்கையை வீட்டுக்கும் கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. சரிவின் ஆய்வும், சல்லியினதும் கற்கட்டியினதும் தரமும், பத்திரமும் ஒரே கோரிக்கையின் மூன்று கூறுகள் எனத் தொழிற்சங்கங்கள் கொள்ளுதல் வேண்டும்.

ஆய்வாளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2023இல் மலையக மக்கள் தமது இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தபோது, அவர்கள் சென்ற வீதிக்கு அடியிலும் முன்னோர் உடைத்த கல் கிடந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்துதவிய நாட்டார் பாடல்களை அடுத்து, வீதிகளையும் இருப்புப்பாதையையும் அணைகளையும் பற்றிய வாய்மொழிகள் தொகுக்கப்படல் வேண்டும். பொதுவேலைத் திணைக்களத்தினதும் புகையிரதப் பகுதியினதும் பழைய அறிக்கைகள், கியூப் கணக்குகளுக்கிடையே மறைந்த உழைப்பைத் தேடி மீண்டும் படிக்கப்படல் வேண்டும். தேயிலையின் வரலாற்றோடு கல்லின் வரலாறும் எழுதப்படும்போதே மலையகத் தொழிலாளர் தோட்டத்தின் கூலியாளர் மட்டுமல்லர், இந்நாட்டின் அடிக்கட்டுமானத்தையே அமைத்தோர் என்பது நிறுவப்படும். அவர்தம் நிலவுரிமைக் கோரிக்கைக்கு அதனினும் வலிய வரலாற்றுச் சான்று வேறில்லை.